எடுத்த கல்லைத் திருப்பி வையுங்கள்: பழைய பெந்தோங் ரோட்டைத் தேடித் திரிவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கச்சிகளே,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கோம்பாக் 12-ஆம் கட்டைப் பக்கம் கார்களை நிறுத்திவிட்டு, அட்டை ஏறாத காலுறையும் கையில் போனுமாக, கோலாலம்பூரிலிருந்து பெந்தோங் போன பழைய ரோட்டின் தடயம் தேடிக் காட்டுக்குள் நுழைகிறவர்கள் நீங்கள். (எங்கள் காலத்தில் புகையிலைத் தண்ணீர்தான். அதற்கும் அட்டை ஏறும்.) உங்களோடு ஐந்து முறை நடந்திருக்கிறேன், இரண்டு முறை முட்டி வலியில் பாதியில் திரும்பியிருக்கிறேன். "அங்கிள், மெதுவா வாங்க" என்று நீங்கள் காத்து நின்றதை மறக்கவில்லை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். தனித்தனியாகக் கேட்டால் எல்லாரும் "நான் இல்லை" என்பீர்கள். அதனால் எல்லாருக்குமாக ஒரே மடல்.

விஷயம் 14-ஆம் கட்டைக் கல், அதாவது அந்த ரோட்டின் 14-ஆம் மைல்கல்.

முன்னொரு நடையில் அதை உங்களுக்குக் காட்டியவன் நான்தான். சாலையை விட்டு இருபது அடி கீழே, பழைய வளைவின் ஓரத்தில், ரெசாம் புதருக்குள் இருந்தது. முழங்கால் உயரம். மேலே கூரை போலச் சரிவு, முன்னால் இரண்டு முகம். மலையேறி வருகிறவனுக்கு ஒரு முகம் பெந்தோங்குக்கு எத்தனை மைல் என்று சொல்லும், இறங்கி வருகிறவனுக்கு மறுமுகம் கோலாலம்பூருக்கு எத்தனை மைல் என்று சொல்லும். வெள்ளைச் சுண்ணாம்பு எப்போதோ போய்விட்டது. '4' என்ற எண்ணின் காலில் மட்டும் கறுப்புச் சாயம் நகக்கண் அளவு ஒட்டியிருந்தது. உங்களில் ஒரு பெண், செத்தாபாக்கிலிருந்து வருகிறவள், மண்டியிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தாள். நேராக அடித்தபோது தெரியாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நின்றது. எல்லாரும் கைதட்டினோம்.

மூன்று வாரம் கழித்துத் தனியாகப் போனேன். கல் இருந்த இடத்தில் குழி. ஓரத்தில் புது மண், கடப்பாரை நெம்பிய தடம், அறுந்த வேர்கள். மழை பெய்து குழிக்குள் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அதில் தவளை முட்டை.

அந்தப் பக்கத்துப் பூர்வக்குடிக் கம்பத்தில், அதாவது அவர்கள் கிராமத்தில், ஒரு பெரியவரிடம் கேட்டேன். "உங்கள் ஆட்கள்தான், போன வாரம் இரண்டு பேர் தூக்கிப் போனார்கள்" என்றார். 'உங்கள் ஆட்கள்' என்றார். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை.

எடுத்தவர் கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்க மாட்டார். இங்கே கிடந்து மட்குவதைவிட வீட்டு முற்றத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். ஒரு கோப்பிக் கடையில் இதே மாதிரி ஒரு கல்லைப் பூந்தொட்டிகளுக்கு நடுவில் பார்த்தேன் என்று வேறொருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் மைல்கல் எடுத்துப் பாதுகாக்கிற சாமான் இல்லை. ஏன் என்று விளக்க, நீங்களே எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் திருப்பிச் சொல்லப் போகிறேன்.

ஒரு மைல் என்பது 1,609 மீட்டர். இரண்டு கற்களுக்கு நடுவே இன்றைய சாலையில் கருவியோடு நடந்தால் 1,609 வரவேண்டும். 1,480 வந்தால்? மீதி 129 மீட்டர் எங்கே போனது? பின்னாளில் சாலையை நேராக்கியபோது வெட்டிவிட்ட வளைவுகளில்தான் அது சுருண்டு கிடக்கிறது. அந்த 129 மீட்டரைக் காட்டுக்குள் தேடுவதுதான் உங்கள் பொழுதுபோக்கே. எந்த வரைபடமும் இல்லாமல், இரண்டு கல்லையும் ஓர் அளவு நாடாவையும் வைத்து, தொலைந்த ரோடு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறீர்கள். முதல்முறை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது 14-ஆம் கல் இல்லை. அந்தக் குழியும் தூர்ந்துபோனால், 13-க்கும் 14-க்கும் நடுவே போனது எவ்வளவு, 14-க்கும் 15-க்கும் நடுவே போனது எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கல் பத்திரமாகத்தான் இருக்கும், கணக்குதான் செத்துவிடும்.

உங்களில் பலர் கராக் நெடுஞ்சாலை வந்தபின் பிறந்தவர்கள். கெந்திங் செம்பாவில் மலையைக் குடைந்து ஏறக்குறைய 900 மீட்டர் சுரங்கப்பாதை போட்டது 1970-களின் இறுதியில். அதற்கு முன் கோலாலம்பூரிலிருந்து பெந்தோங் போக இந்தப் பழைய ரோடுதான். ஜாலான் பகாங்கில் தொடங்கி, செத்தாபாக் தாண்டி, கோம்பாக் ஆற்றை ஒட்டியே ஏறி, செம்பாவில் கணவாயைக் கடக்கும். அதற்கும் முந்திய பாதை குவாலா குபு வழியாக இருந்தது. 1898 முதல் 1955 வரை பகாங்கின் தலைநகரம் குவாலா லிப்பிஸ், அங்கே போகிறவர்கள் அந்தக் கணவாய் வழியே மலையைத் தாண்டினார்கள். அந்த மலைத்தொடரிலேயே பிரேசர் மலைக்கு ஏறும் ஒற்றைத் தட ரோட்டில், அந்நாளில் இத்தனை மணிக்கு ஏறலாம், இத்தனை மணிக்கு இறங்கலாம் என்று கேட் போட்டு விடுவார்கள். அங்கே போகும் வழியில்தான் 1951 அக்டோபர் 6-ஆம் தேதி மலாயாவின் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ரோட்டைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் ரோட்டுக்கு நாம்தான்.

நான் 1974-இல், பதினேழு வயதில், இந்த ரோட்டில் கெலிண்டான் (லோரி உதவியாள்) வேலைக்குச் சேர்ந்தேன். பெட்ஃபோர்ட் லோரி, திரும்பி வரும்போது பெந்தோங் இஞ்சி மூட்டை. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே போகும். எஞ்சின் திணறி நிற்கப்போகிறது என்று தெரிந்தால் டிரைவர் ஒரு சத்தம் போடுவார். நான் முட்டுக்கட்டையோடு குதித்து ஓடிப் பின்சக்கரத்தின் அடியில் வைக்கவேண்டும். வைக்கும்போது கண் எதிரே இருப்பது சாலையோரம், சாலையோரத்தில் இருப்பது கல். அப்படித்தான் இந்தக் கற்கள் எனக்குப் பழக்கம். 14-ஆம் கட்டை வளைவில் மட்டும் எத்தனை முறை குதித்திருப்பேன் என்று கணக்கில்லை. கராக் நெடுஞ்சாலையின் மஞ்சள் வோக்ஸ்வேகன் பேய்க்கதையெல்லாம் பின்னால் வந்தது. பழைய ரோட்டில் எங்களுக்கு முனியாண்டி போதும்.

முனியாண்டி பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். உங்கள் பதிவேட்டைப் பார்த்தேன். மதகு, தடுப்புச்சுவர், மைல்கல், தார் படிந்த துண்டு எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து, நீளம் அகலம் எழுதியிருக்கிறீர்கள். அபாரமான வேலை. ஆனால் வளைவின் உள்பக்கம், மரத்தடியில் மூன்று செங்கல் அடுக்கி, துருப்பிடித்த சூலம் செருகியிருந்ததே, அதற்கு எண் இல்லை. அதற்கு மேலே மேட்டில் சிமெண்டுத் தரை ஒன்று, ஆறு பேர் படுக்கிற அளவு அறைகள் வரிசையாக இருந்த தடயம், ஓரத்தில் உடைந்த ஆட்டுக்கல். அதற்கும் எண் இல்லை. 'சம்பந்தமில்லாதது' என்று விட்டிருக்கிறீர்கள்.

தம்பி, அதுதான் ரோடு.

அந்த மேடு பி.டபிள்யூ.டி. லயம், பொதுப்பணித் துறையின் ரோட்டு வேலையாட்கள் குடியிருந்த வரிசை வீடு. என் தாத்தா அப்படியொரு லயத்தில் இருந்தவர். 1938-இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்குச் சில ஆண்டு முன்னால் கப்பலேறி வந்தவர். இந்த ரோட்டை வெட்டியவர் அவர் இல்லை, அது முந்தின தலைமுறை. அவர் வேலை அதைச் சாகவிடாமல் வைத்திருப்பது. ஆளுக்கு இவ்வளவு தூரம் என்று மண்டோர் (மேஸ்திரி) பிரித்துக் கொடுப்பார். காலையில் புல் அரிவது, மலைப்பக்கக் காணை (வடிகாலை) மண்வெட்டியால் வழிப்பது, மதகின் வாயில் அடைத்த கிளையை இழுத்துப் போடுவது. "ரோட்டுக்கு எமன் வண்டியில்ல, தண்ணி" என்பார். பாட்டி சரளைக்குக் கல் உடைத்தவர். சாகும்வரை அவருடைய இடது கட்டைவிரல் நகம் ஒழுங்காக முளைக்கவில்லை. சுத்தியல் பட்ட நகம். 14-ஆம் கட்டை வளைவைக் கைவிட்டு எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்? அதற்குள் காணில் என் தொடை பருமனுக்கு மரம். தாத்தாவின் மண்வெட்டி தினமும் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அந்த மரத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இன்னொன்று. அந்தக் கல் இருந்ததால்தான் நமக்கு ஊர்ப்பெயரே வந்தது. மலாய்க்காரர் 'பத்து' என்பது கல்லை. பத்து தீகா, பத்து லாப்பான் என்றால் மூன்றாம் கல், எட்டாம் கல். நமக்கு 'கட்டை'. செராசில் ஒன்பதாங்கட்டை என்றால் இன்றைக்கும் வாடகைக் கார்க்காரர் வேறு விலாசம் கேட்க மாட்டார். 1972-இல் எடை அளவைச் சட்டம் வந்து மைல் படிப்படியாகக் கிலோமீட்டராக மாறியபின் கற்கள் ஒவ்வொன்றாகப் போயின. பெயர் மட்டும் நிற்கிறது. 16-ஆம் கட்டையில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு நிலையம் 1965-லிருந்து இருக்கிறது. அங்கே பூச்சி பிடித்த விஞ்ஞானிகளின் கட்டுரைகளிலும் 'பதினாறாம் மைல்' என்றே வரும்.

ஆகையால் கேட்பது இவ்வளவுதான். கல்லைக் கண்டால் அளந்து, படம் எடுத்து, இருந்தபடியே விடுங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த நகக்கண் கறுப்புச் சாயம் ஒரு தேய்ப்பில் போய்விடும். எழுத்து தெரிய பெயிண்ட் பூசாதீர்கள், சாய்ந்த டார்ச் வெளிச்சம் போதும் என்பதை நீங்களே கண்டுபிடித்தீர்கள். இடக்குறியைப் பொதுவில் போடாதீர்கள், கடப்பாரை வைத்திருப்பவர்களும் அதைப் படிக்கிறார்கள். கம்பத்துக்குள் நடக்கும் முன் அதன் தலைவர் தோக் பாத்தினிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நமக்கு இது பழைய ரோடு, அங்கே வாழும் தெமுவான் பூர்வக்குடி மக்களுக்கு வீட்டு வாசல். சட்டமும் இருக்கிறது: 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி இப்படிப்பட்ட பொருளைக் கண்டெடுத்தவர் ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்கவேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரிவித்தால் ஒரு காகிதமாவது உருவாகும், காகிதம் இருந்தால் நாளைக்கு சாலையை அகலப்படுத்த வருகிறவரிடம் காட்டலாம்.

மழை ஞாயிறுகளில் வீட்டில் உட்காராமல் தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போங்கள். சிலாங்கூர் செயலகக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. ஆங்கிலம் எனக்குத் தட்டுத்தடுமாறும், உங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அதைவிட முக்கியம், செந்தூலிலும் கோம்பாக்கிலும் ரோட்டு லயத்தில் பிறந்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தே நான்கு பேர். ஒருவருக்குக் காது போய்விட்டது, இன்னொருவர் டயாலிசிசில் இருக்கிறார். மதகுகள் அடுத்த வருடமும் இருக்கும். இவர்களிடம் முதலில் போங்கள், நான் கூட வருகிறேன்.

அந்தக் குழியின் மேல் ஒரு பலகை போட்டு, சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு, மண்வெட்டியும் அரை மூட்டை சரளையும் கொண்டு அங்கே இருப்பேன். கல்லைக் கொண்டுவருகிறவரிடம் எதுவும் கேட்கமாட்டேன். என் முன்னால் வரக் கூச்சமாக இருந்தால் முதல்நாள் இரவே பலகை மேல் வைத்துவிட்டுப் போகலாம், நானே நட்டுக்கொள்கிறேன். கோலாலம்பூர் முகம் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அன்புடன்,
பழைய லோரிக்காரன் ஒருவன்,
செந்தூல்.