தெரமினுக்கும் மேடை உண்டு

ஆசிரியருக்கு,

உங்கள் இசைப் பக்கத்தில், கையால் தொடாமலே வாசிக்கும் மின்னணு வாத்தியமான தெரமினை ‘பேய்ப்பட வாத்தியம்’ என்று ஒரே வரியில் முடித்தது வருத்தமாக இருந்தது. அதை உருவாக்கிய லியோன் தெரமின் 1929-லேயே கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவுடன் தனி வாத்தியமாக வாசித்திருக்கிறார். பின்லாந்து இசையமைப்பாளர் கலேவி ஆஹோ அதற்கென்றே எழுதிய கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை), தெரமின் கலைஞர் கரோலினா ஐக் 2012-ல் அந்நாட்டின் ரோவனியெமி நகரில் அரங்கேற்றினார்.

ஐக் வாசிப்பதைக் கவனியுங்கள். நிமிர்ந்த ஆன்டெனாவின் அருகே வலக்கை விரல்கள் விரிந்து மடங்க, ஸ்வரம் மாறுகிறது. வளைய வடிவில் உள்ள இன்னொரு ஆன்டெனாவின் மேல் இடக்கை தாழ்ந்தால் ஒலி அடங்குகிறது. தொட்டுப் பிடிக்கத் தந்தியும் இல்லை, கட்டையும் இல்லை. உடம்பு சற்று அசைந்தாலே சுருதி விலகிவிடும். ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் காதை மட்டுமே நம்பி நிற்பது எவ்வளவு பெரிய வித்தை! இந்தக் கச்சேரிகளைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.

– ஓர் இசை ரசிகர், திருச்சி