நிலத் தரகர் யாருடைய ஆள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழியில் யாரும் பத்திரம் போடுவதில்லை. தை பிறந்து சம்பா அறுவடையும் முடிந்து வயல் காலியானதும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நிலப் பேச்சு சூடு பிடித்துவிடும். அந்தப் பேச்சில் பெரும்பாலும் நடுவே ஒரு தரகர் இருப்பார். விற்பவரிடமும் கமிஷன், வாங்குபவரிடமும் கமிஷன். அவர் யாருடைய ஆள் என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு வீட்டாருமே "நம்ம ஆளுதான்" என்பார்கள். இருவருக்கும் நம்ம ஆளாக ஒருவர் எப்படி இருக்க முடியும் என்று அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் யாரும் யோசிப்பதில்லை. பிறகு யோசித்துப் பயனில்லாமல் போகிறது.

சட்டம் இதை யோசித்து வெகுகாலம் ஆகிவிட்டது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பத்தாவது அத்தியாயம், 182 முதல் 238 வரையுள்ள பிரிவுகள், முழுக்க முகவரைப் பற்றியதுதான். ஒருவருக்காக மற்றவரிடம் பேச ஒப்புக்கொண்டவர் அவருடைய முகவர். கமிஷன் வாங்காவிட்டாலும் முகவர்தான். பிரிவு 185 இதைத் தெளிவாகச் சொல்கிறது. "காசு ஒண்ணும் வாங்கல மாமா, உறவுக்காகச் செஞ்சேன்" என்பது கணக்குக் காட்டாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது. அந்தப் பேச்சு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் நிரூபிக்க ஏதாவது வேண்டுமே. வாட்ஸ்அப் செய்தியும் வங்கிக் கணக்குமாவது இருக்க வேண்டும்.

முகவரின் கடமைகளில் நம் ஊருக்கு மிகவும் வேண்டியவை மூன்று. கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் (213). வேலையை ஒப்படைத்தவருக்குத் தெரியாமல் தானே வாங்கவோ விற்கவோ கூடாது (215). அப்படிச் செய்து கிடைத்த லாபம் அவருடையது அல்ல, ஒப்படைத்தவருடையது (216). இந்த மூன்றும் எங்கே மீறப்படுகின்றன என்பதை ஒரு கணக்கோடு சொல்கிறோம்.

ஒருவருக்கு 9 மா (சுமார் மூன்று ஏக்கர்) நஞ்சை இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். "மாவுக்கு 6 லட்சம் கையில் வந்தால் போதும்" என்று தரகரிடம் சொல்கிறார். தரகர் வாங்குபவரிடம் 7 லட்சம் சொல்கிறார். விற்பவருக்கு வருவது 54 லட்சம், வாங்குபவர் கொடுப்பது 63 லட்சம். நடுவே நிற்கும் 9 லட்சத்துக்கு மேல் இரு பக்கமும் கமிஷன் வேறு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப்போல, இரண்டு கைகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இதைக் குறைக்க அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் எழுதுகிறார்கள். உண்மை விலை எந்தத் தாளிலும் இல்லை. வரியை மிச்சம் பிடிக்கப் போய், தன் பணம் எங்கே போனது என்று காட்டும் ஒரே சாட்சியையும் விற்பவர் தன் கையாலேயே அழித்துவிடுகிறார்.

"மேலே வருவதை நீயே எடுத்துக்கொள்" என்று விற்பவர் தெரிந்தே சொல்லியிருந்தால் கதை வேறு. அப்போது 216-ஐக் காட்டி மீட்பது கடினம். ஆனால் 7 லட்சத்துக்கு ஆள் தயாராக இருப்பதை மறைத்துவிட்டு, "6-க்கு மேல் யாரும் வரமாட்டார்கள், நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று தரகர் சொல்லியிருந்தால், அந்தச் சம்மதம் சம்மதமே அல்ல.

இந்த மறைப்பு நடக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். தரகர் தன் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதக் கெடுவுக்கு அக்ரிமென்ட் போடுகிறார். அதில் "தங்கள் பேருக்கோ அல்லது தாங்கள் சுட்டிக்காட்டும் நபர் பேருக்கோ கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். விற்பவர் அதைச் சடங்கு வரியாக நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார். அந்த வரியோடு தரகர் முகவர் என்ற இடத்திலிருந்து வாங்குபவர் என்ற இடத்துக்கு மாறிவிடுகிறார். மாறுவது குற்றமல்ல, சொல்லாமல் மாறுவதுதான் தவறு. பிரிவு 215-க்குச் சட்டத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறார்கள். நிலத்தை விற்கச் சொன்னவரிடம், அதில் சுரங்கம் இருப்பதைக் கண்டுபிடித்த முகவர் அதைச் சொல்லாமல் தானே வாங்கிக்கொள்கிறார். உண்மை தெரிந்ததும் அந்த விற்பனையை ஏற்பதா தள்ளுவதா என்பது விற்றவர் விருப்பம். நம் ஊரில் சுரங்கத்துக்குப் பதிலாகப் புறவழிச்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புல எண் ஓரமாகச் சாலை போகிறது என்று தெரிந்துகொண்டு, அதைச் சொல்லாமல் சொந்தக்காரரிடம் வயல் விலைக்கே அக்ரிமென்ட் போடும் தரகருக்கு இந்தப் பிரிவு அப்படியே பொருந்தும்.

வாங்குபவர் பக்கமும் இதே நியாயம்தான். "அந்த வீடு கிடைக்காது" என்று சொல்லிவிட்டு முகவரே அதை வாங்கிக்கொண்டால், அவர் கொடுத்த விலைக்கே தனக்கு விற்கச் சொல்லலாம் என்பது 216-இன் எடுத்துக்காட்டு. வாங்குபவரின் முகவர் என்றால் குறைகளையும் சொல்ல வேண்டும். டெல்டாவில் குறைகள் பத்திரத்தில் இருப்பதைவிட வயலில்தான் அதிகம். பாசன வாய்க்கால் யார் வயல் வழியாக வருகிறது, வடிகால் எங்கே அடைபட்டிருக்கிறது, வண்டிப்பாதை வரைபடத்தில் உண்டா அல்லது அண்ணன் தம்பி அனுசரணையில் ஓடுகிறதா, போர்வெல் மின் இணைப்பு யார் பெயரில், குத்தகைதாரர் இருக்கிறாரா, அவர் பெயர் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா. குத்தகைதாரரை மறைத்து விற்ற வயலில் வாங்கியவர் ஏர் ஓட்ட முடியாது. கோயில், மடத்து நிலமென்றால் பேச்சே வேண்டாம். அறநிலையத்துறை அனுமதி இல்லாமல் அது கிரயம் ஆகாது, குத்தகைப் பாத்தியத்தை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பதும் கிரயம் அல்ல.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. தரகர் மாவிலும் குழியிலும் பேசுவார், பட்டா ஹெக்டேரில் இருக்கும். 12 அடிக் கோல் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி. 20 மா ஒரு வேலி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் ஒரு மா 33 சென்டுக்குச் சற்றே கூட. "மூணு மா ஒரு ஏக்கர்" என்ற வாய்க்கணக்கில் 9 மாவை 3 ஏக்கர் என்பார்கள். உண்மையில் அது 2 ஏக்கர் 97 சென்ட் சொச்சம். மாவுக்கு 7 லட்சம் என்ற விலையில் அந்த இரண்டரை சென்டின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல். பட்டாவில் அது ஏறக்குறைய 1.20.4 ஹெக்டேர் என்றுதான் இருக்கும். அதை விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து படித்து, சென்டுக்கு இவ்வளவு என்று விலை பேசினால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்தது பவர், அதாவது நமக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருப்பவர்கள் இதை எழுதிக் கொடுக்காமல் முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் பவர் வாங்கியவர் சொந்தக்காரர் ஆவதில்லை. பவரும் அக்ரிமென்டும் மட்டும் வைத்து நிலம் கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. 2012-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின்படி நிலம் சம்பந்தப்பட்ட பவரையும் கிரய அக்ரிமென்டையும் பதிவு செய்தே ஆக வேண்டும். வெளிநாட்டில் எழுதும் பவரை இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

பவரில் ஆபத்து எங்கே என்றால் இரண்டு சொற்களில்: "தொகையைப் பெற்றுக்கொள்ளவும்". விலை பேசலாம், கையெழுத்திடலாம், பதிவுக்கு ஆஜராகலாம். பணம் மட்டும் எழுதிக் கொடுப்பவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும் என்று கணக்கு எண்ணோடு எழுதுங்கள். புல எண், உட்பிரிவு, அதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு குறைந்தபட்ச விலை, பவர் காலாவதியாகும் தேதி, முகவர் தனக்கோ மனைவி மக்களுக்கோ விற்கக் கூடாது என்ற தடை, இவை இல்லாத பவர் வெற்றுக் காசோலைக்குச் சமம். "பிரதிபலன் (ஈடாகப் பணம்) பெற்றுக்கொண்டு" என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பணம் வாங்காமலே அப்படி எழுதிவிட்டால், முகவருக்கு நிலத்தில் தனக்கும் பாத்தியம் உண்டு என்று 202-ஆம் பிரிவைக் காட்ட வழி கிடைக்கும். பிறகு ரத்து செய்வது பெரும் போராட்டம். கையெழுத்துக்கு முன் பவரை வரிவரியாக உரக்கப் படித்துக் காட்டும் பொறுப்பு ஆவணம் எழுதும் எங்களுக்கும் உண்டு. அவசரத்தில் அது நடக்காத நாட்கள் இருக்கின்றன, இருக்கக் கூடாது.

எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் முடிந்துவிடும். உயிரோடு இருக்கும்போது ரத்து செய்பவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். ரத்துப் பத்திரத்தைப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிரிவு 208-இன்படி ரத்து என்பது முகவருக்குத் தெரிந்தபோதுதான் அவரைக் கட்டும், மற்றவர்களுக்குத் தெரிந்தபோதுதான் அவர்களைக் கட்டும். எனவே அதே நாளில் முகவருக்குக் கிடைத்ததற்குச் சான்று வரும்படி விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்), உள்ளூர்ப் பதிப்பில் ஒரு பொது அறிவிப்பு, இரண்டும் வேண்டும்.

மூலப்பத்திரத்தைத் தரகரிடம் கொடுக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. பிரிவு 221-இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கமிஷன் பாக்கி தீரும்வரை தன்னிடம் வந்த தாள்களைப் பிடித்து வைத்துக்கொள்ள முகவருக்கு உரிமையே உண்டு. திருப்பிக் கேட்டுச் சண்டை போடுவதைவிட நகல் கொடுத்து, "சரிபார்க்க மட்டும்" என்று குறுக்கே எழுதித் தேதி போடுவது எளிது. அட்வான்ஸும் அப்படித்தான். தரகர் கையில் கொடுத்தாலும் ரசீது விற்பவர் பெயரில் இருக்க வேண்டும். நிலத்துக்கான அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவருக்கு வரலாம். இரு தரப்புக்கும் விவசாய வருமானம் மட்டுமே, வரி கட்டும் வருமானம் இல்லை என்றால் விலக்கு உண்டு. அப்போதும் வங்கி வழியே வந்த பணத்துக்குத்தான் சாட்சி இருக்கும்.

தரகர்களுக்கும் நியாயம் வேண்டும். ஆறு மாதம் அலைந்து பார்ட்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபின், இரு தரப்பும் நேராகப் பேசி அவரைக் கழற்றிவிடுவதும் இங்கே நடக்கிறது. பிரிவு 219-இன்படி வேலை முடிந்தபின்தான் கமிஷன், அதாவது வேறு பேச்சு இல்லாவிட்டால் அட்வான்ஸ் நாளில் அல்ல, கிரய நாளில். ஆனால் அவர் கொண்டுவந்த ஆளுக்கே விற்றால் கமிஷன் உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவருக்கும் பாதுகாப்பு. ஒரே பக்கம் போதும். யார் சார்பில் பேசுகிறார், மறு பக்கத்திலும் வாங்குகிறாரா, எவ்வளவு, எப்போது, எத்தனை மாதம், வரும் எல்லா விலையையும் சொல்வாரா, தானோ உறவினரோ வாங்குவதானால் முன்கூட்டிச் சொல்வாரா. இரு பக்கமும் கமிஷன் வாங்குவது சட்டவிரோதம் அல்ல, இரு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் அட்வான்ஸுக்கு முன் நேருக்கு நேர் உட்கார்ந்து விலையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால், மேலே சொன்ன 9 லட்சம் அங்கேயே தெரிந்துவிடும்.

பதிவு செய்யப்பட்ட மனைத் திட்டங்களுக்கு 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் போனால் திட்டத்துக்குப் பதிவு வேண்டும், அதை விற்கும் முகவருக்கும் பதிவு எண் வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், உச்சம் மனை மதிப்பில் 5 விழுக்காடு. தஞ்சாவூர், கும்பகோணம் புறநகரில் மனை வாங்குவோர் அந்த எண்ணைக் கேட்கலாம். அவர் மனை போட்டவரின் முகவர், உங்களுடையவர் அல்ல என்பதையும் மறக்காதீர்கள். ஆனால் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு வயல் விற்கும்போது இந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. டெல்டாவின் நிலத் தரகு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

அதனால் பதிவுத்துறைக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கிரயப் பத்திரத்தில் சாட்சிகளுக்கு மேலே ஒரு பத்தி கட்டாயமாக்குங்கள்: இந்தக் கிரயத்தில் தரகர் உண்டா, பெயர் என்ன, யார் சார்பில், எந்தத் தரப்பிடமிருந்து எவ்வளவு பெற்றார். தரகர் அதில் கையெழுத்திடட்டும். இதற்குப் புதுச் சட்டமோ செலவோ பெரிதாக வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் காலம் கடத்த வேண்டாம். முகவரிடம் எழுத்து மூலம் கணக்குக் கேளுங்கள். அவர் மறுத்த நாளிலிருந்தோ, கேட்காவிட்டால் முகவர் வேலை முடிந்த நாளிலிருந்தோ, வழக்குப் போட மூன்று ஆண்டுதான். ஒப்படைத்த பணத்தைத் தரகர் கையாடியிருந்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 316(5)-இல் தரகர், முகவர் என்ற சொற்களே இருக்கின்றன. புகார் மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, வங்கிக் கணக்கு நகலையும் வாட்ஸ்அப் செய்திகளையும் தேதி வரிசையில் இணைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர்கள் சிலர்,
மன்னார்குடி வட்டம்.