அறைந்து சாத்திய கதவு

அன்புள்ள கயல்,

நீ லண்டனிலிருந்து அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டேன். பாராளுமன்றத் திறப்பு விழாவில், ராஜாவின் ஆளாகக் கறுப்புக் கோலோடு வருகிறவரின் முகத்துக்கு நேரே மக்கள் சபையின் (ஹவுஸ் ஆஃப் காமன்ஸ்) கதவைச் சாத்துகிறார்களே, "இதென்னப்பா மரியாதை?" என்று கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் "அப்புறம் பேசறேன்ப்பா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸ் செய்த வேலை. ராஜா கடவுளுக்குப் பதில் சொன்னால் போதும் என்று நினைத்தவர். 1629-ல் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டு 11 வருஷம் கூட்டவே இல்லை. (நம் சென்னைக் கோட்டைக்குக் கம்பெனிக்காரர்கள் இடம் வாங்கிய 1639-ம் இதற்குள்தான் வருகிறது.) சரி, செலவுக்கு என்ன வழி? ஆபத்துக் காலத்தில் கடலோர ஊர்களிடம் வாங்கும் கப்பல் வரியை உள்நாட்டுக்காரர்கள் தலையிலும் கட்டினார். ஜான் ஹாம்ப்டன் என்ற பணக்காரர் 20 ஷில்லிங் தரமாட்டேன் என்று வழக்காடினார். அவருக்கு அது சில்லறைக் காசு. 12 நீதிபதிகளில் 7 பேர் ராஜா பக்கம். ஊர் பேசியதென்னவோ மற்ற 5 பேரைப் பற்றி.

11 வருஷம் கழித்துக் கூட்டிய பாராளுமன்றத்தோடும் அவருக்குச் சண்டைதான். 1642 ஜனவரி 4. ஹாம்ப்டன் உட்பட ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க, வாசலில் சிப்பாய்களை நிறுத்திவிட்டு ராஜாவே மக்கள் சபைக்குள் நுழைந்தார். அவர்கள் முன்னாடியே படகேறிப் போயாச்சு. "எங்கே அவர்கள்?" என்று சபாநாயகர் லெந்தாலைக் கேட்டார். அவர் மண்டியிட்டு, இந்தச் சபை சொன்னாலொழிய எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்றார். மண்டியிட்டுக்கொண்டே அப்படிச் சொன்னாரே, எனக்கு அதுதான் பிடிக்கும். மக்கள் சபை நடக்கும்போது அதற்கப்புறம் எந்த ராஜாவும் ராணியும் உள்ளே வந்ததில்லை. அதை நினைவுபடுத்தத்தான் ராஜாவின் ஆள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே வருஷம் உள்நாட்டுப் போர். ராஜாவைத் தோற்கடித்த ராணுவம் 1648 டிசம்பரில் அதே வாசலில் பட்டியலோடு நின்று, ஆகாத உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. மிஞ்சியவர்கள் ஏற்படுத்திய கோர்ட்தான் ராஜாவை விசாரித்தது. "எந்த அதிகாரத்தில்?" என்று அவர் கேட்டது நியாயம்தான். அவர் கைத்தடியின் வெள்ளிப் பூண் கழன்று விழுந்தபோது யாராவது எடுத்துத் தருவார்கள் என்று பார்த்தாராம். ஒருவரும் அசையவில்லை. தானே குனிந்து எடுத்துக்கொண்டார். இவ்வளவு திட்டுகிறேனே, அந்த இடத்தில் மட்டும் பாவமாகத்தான் இருக்கிறது. 1649 ஜனவரி 30, குளிரில் நடுங்கினால் பயம் என்று நினைப்பார்களே என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு மரண தண்டனைக்குத் தலையைக் கொடுத்தார்.

பாராளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்கப் போனால் அந்தக் கதவைப் பார். கோலால் தட்டித் தட்டி ஒரு தழும்பு விழுந்திருக்கும். எவ்வளவு ஆழம் என்று சொல்லு.

அன்புடன்,
அப்பா