என்னோடு விழித்திருந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், எனக்காகப் பாரத்தோடு ஜெபித்த ஒவ்வொருவருக்கும் ஸ்தோத்திரம்.

சாட்சி நேரத்தில் எழுந்து சொல்லத்தான் ஆசை. ஆனால் நின்றால் அழுகை வந்து பாதியில் உட்கார்ந்துவிடுவேன், சிலருடைய பெயர் விட்டுப்போகும். யாரும் விட்டுப்போகக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

குடியை நிறுத்திய பிறகு எனக்கு உடம்பு சீக்கிரம் தேறியது. மனசு தேறவில்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் உள்ளே ஒரு பேச்சு தொடங்கும். "எத்தனை ஜெபம் பண்ணினாலும் நீ பழைய ஆள்தான். வீட்டில் எல்லாருக்கும் நீ சுமை. தேவன் உன் பக்கம் திரும்பமாட்டார்." இது முற்றிய பிறகு, இன்னொன்று ரொம்ப மெதுவாக வரும்: "கொஞ்சமாகக் குடித்தால் தூங்கிவிடலாமே." நான் இரண்டாவதோடு மட்டும்தான் போராடிக்கொண்டிருந்தேன். முதலாவதை உண்மை என்றே நம்பியிருந்தேன்.

போதகர் ஐயா, இதைக் கண்டுபிடித்தவர் நீங்கள். குடிக்கத் தோன்றியதற்கு முன்னால் மனசில் என்ன ஓடியது என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அப்புறம் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்தீர்கள். 40 நாள் உபவாசம் முடிந்து பசியோடு இருக்கிற இயேசுவிடம் வருகிற சோதனைக்காரனாகிய பிசாசு, கல்லையும் அப்பத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன் "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்றுதான் ஆரம்பிக்கிறான். அதற்குச் சற்று முன்புதான், யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது, "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று பிதாவின் சத்தம் கேட்டிருக்கிறது. பிதா சொன்னதையே சந்தேகப்பட வைத்துவிட்டால் மற்றது சுலபம் என்று அவனுக்குத் தெரியும் என்றீர்கள். என் ராத்திரிகள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கின.

இயேசு அவனோடு வாக்குவாதம் பண்ணவில்லை என்பதையும் காட்டினீர்கள். மூன்று பதிலும் பழைய ஏற்பாட்டின் உபாகமத்திலிருந்து, 6-ஆம் அதிகாரத்திலும் 8-ஆம் அதிகாரத்திலும் உள்ள வசனங்கள். ஏற்கெனவே நெஞ்சில் இருந்ததை எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு முறை ஜெயித்துவிட்டால் முடிந்தது என்று நான் துள்ளியபோது, லூக்கா எழுதியதைக் காட்டி என்னை எச்சரித்தீர்கள்: பிசாசு "சிலகாலம்" விலகிப்போனான். அந்த எச்சரிக்கை இல்லாவிட்டால், அது திரும்பி வந்த வாரத்தில் நான் நொறுங்கியிருப்பேன்.

அடுத்து அண்ணன். உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், சரி. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் விடமாட்டேன். நடுராத்திரியில் போன் பண்ணி, "அண்ணே, மறுபடியும் வந்துவிட்டது" என்று மட்டும் சொல்வேன். நீங்கள் என்ன ஏது என்று கேட்டதே இல்லை. "எழுந்து உட்கார். லைட்டைப் போடு. சங்கீதம் 42 எடு. சத்தமாக வாசி" என்பீர்கள். என் தொண்டை அடைத்தால் அடுத்த வரியை நீங்கள் வாசிப்பீர்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" அந்தக் கேள்வி 5-ஆம் வசனத்தில் வருகிறது, 11-ஆம் வசனத்தில் மறுபடி வருகிறது, அடுத்த சங்கீதத்தின் முடிவில் இன்னொரு தடவை. "பார், எழுதினவருக்கே ஒரு தடவை கேட்டது போதவில்லை. நாமும் திரும்பக் கேட்போம்" என்று சொன்னீர்கள். அதற்கு முன்பு, மனசு பேசும், நான் கேட்டுக்கொண்டு கிடப்பேன். என் மனசைப் பார்த்து நான் பேசலாம் என்பதை உங்களிடம்தான் கற்றேன்.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டுபோய், "நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். அண்ணே, நீங்கள் தூங்கவில்லை. காலையில் வேலைக்குப் போக வேண்டிய நாட்களிலும் தூங்கவில்லை. விசுவாசம் இருந்தால் தனியாகவே ஜெயித்துவிட வேண்டும், துணை தேடுவது பலவீனம் என்று நினைத்திருந்த எனக்கு, ஆண்டவர் துணை கேட்ட அந்த இடத்தை இப்போது வாசித்தால் நெஞ்சு நிறைகிறது.

சோதனையோடுகூட "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். எனக்கு அந்தப் போக்கு பெரும்பாலும் உங்களில் ஒருவர் மூலமாகத்தான் வந்தது.

போதகரம்மாவுக்கு நன்றி சொல்ல ஒரு தனிக் காரணம் உண்டு. டாக்டரைப் பார்க்கிறேன், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று தெரிந்ததும், விசுவாசக் குறைவு என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். கூனிப்போய் நின்றேன். நீங்கள் வேதத்தை எடுத்து 1 இராஜாக்கள் 19 வாசித்தீர்கள். ஜெபத்தால் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய தீர்க்கதரிசி எலியா, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறான். தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். பிரசங்கியார் ஸ்பர்ஜனைப் பற்றியும் சொன்னீர்கள். 1856-ல் லண்டனில் அவருடைய கூட்டத்தில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் இறந்துபோனார்கள். அப்போது அவருக்கு 22 வயது. அந்தத் துயரம் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை, தம் மனச்சோர்வைப் பற்றி அவர் ஒளிக்காமல் பேசினார் என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் பேசியிராவிட்டால் நான் மருந்தை நிறுத்தியிருப்பேன்.

பொறுமையோடு கேட்டு, தூக்கத்தையும் மனசையும் சேர்த்தே கவனித்த டாக்டருக்கும் நன்றி. பவுலோடு கூட இருந்த லூக்காவும் வைத்தியர்தானே.

முன்வரிசையில் உட்காரும் பெரியம்மா, உங்கள் ஜெப நோட்டை ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தேன். என் பெயர் எழுதியிருந்த பக்கத்தின் ஓரம் விரல்பட்டு அழுக்கேறி, தாள் மெலிந்துபோயிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் என் பிரச்சினை என்ன என்று ஒரு வார்த்தையும் இல்லை. வேறு யார் கண்ணிலாவது பட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள். இத்தனை பேருக்குத் தெரிந்தும் என் விஷயம் ஒருமுறைகூட வம்புப் பேச்சாக மாறவில்லை. இதற்காகச் சபை முழுவதற்கும் கைகூப்புகிறேன்.

என் மனைவிக்கு இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. அவளிடம் நேரில் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

அந்தப் பேச்சு இப்போதும் சில ராத்திரிகளில் வருகிறது. வந்தால் எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, சத்தமாக வாசிக்கிறேன். முன்பு போல நெடுநேரம் நிற்பதில்லை. போன வாரம் ஒரு தம்பி என்னைத் தேடிவந்து, தனக்கும் இதேதான் என்று சொன்னான். என் நம்பரைக் கொடுத்து, எந்த நேரமும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். அண்ணே, அவனிடம் எப்படிப் பேசுவது என்று உங்களிடம் கேட்க வேண்டும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். பெரியம்மா, அவன் பெயரையும் உங்கள் நோட்டில் எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். சரி என்றான்.

உங்கள் ஜெபத்தால் தாங்கப்பட்ட
சகோதரன்