பாட் ரோஸ்ட்: கறி இறுக்கமாக இருந்தால் இன்னும் வேகவில்லை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த அமெரிக்க 'பீஃப் பாட் ரோஸ்ட்' (மாட்டுக்கறியை ஒரே கட்டியாக மூடிய பாத்திரத்தில் மெதுவாக வேகவைப்பது) செய்முறையில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கறி இறுகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். விஷயம் நேர்மாறானது. இரண்டு மணி நேரத்தில் மூடியைத் திறந்தால் கறி செருப்புத் தோல் மாதிரிதான் இருக்கும். அது இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். சதை நார்கள் சுருங்கி நீரை விட்டிருக்கும். அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் சவ்வு கரைந்து முடிந்திருக்காது. சவ்விலுள்ள கொலாஜன் என்ற கெட்டியான புரதம் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் ஓரளவு வேகமாக ஜெலட்டின் என்ற மென்மையான பொருளாக மாறும். கறியின் நடுப்பகுதி 90-95 டிகிரிக்கு வந்து சற்று நேரம் நின்றால் முள்கரண்டி தடையில்லாமல் இறங்கும். அதற்குள் பயந்து இறக்கிவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

அங்கே இதற்கு எடுப்பது 'சக்' எனப்படும் தோள்பட்டைக் கறி. ஒன்றரைக் கிலோ, ஒரே கட்டியாக வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கேட்காமலேயே துண்டு போட்டுவிடுவார்கள். கத்தி எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சவ்வும் கொழுப்பும் வெள்ளையாக ஓடுகிறதே என்று ஒதுக்க வேண்டாம், சாற்றுக்குப் பதம் தருவதே அதுதான். உங்கள் குறிப்பு சொன்ன கொழுப்பில்லாத பின்தொடைச் சதை எவ்வளவு நேரம் வைத்தாலும் சக்கையாகவே வரும். கரைவதற்கு அதில் சரக்கு போதாது.

முதல் நாள் இரவே 15 கிராம் உப்பும் மிளகுத்தூளும் தடவி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஈரம் போகத் துடைத்து, அடிகனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும், ஒவ்வொரு பக்கமும் நாலைந்து நிமிடம் புரட்டாமல் விட்டுச் சிவக்க விடவும். ஈரம் இருந்தால் சிவக்காது, அவியும். இப்படிச் செய்தால் சாறு உள்ளேயே தங்கும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து. தவறென்று தெரிந்து வெகுகாலமாகிறது. சிவக்க வைப்பது மணத்துக்காகவும் நிறத்துக்காகவும்தான்.

கறியை எடுத்துவிட்டு அதே பாத்திரத்தில் இரண்டு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட் வதக்கி, 400 மில்லி எலும்புச் சாறு ஊற்றி அடியில் பிடித்ததைச் சுரண்டிவிடுங்கள். கறியைத் திரும்ப வைத்தால் பாதி உயரத்துக்குத்தான் சாறு நிற்க வேண்டும். மூழ்கினால் அது வெறும் அவித்த கறி. இறுக மூடி, ஓவனில் 150 டிகிரியில் மூன்று முதல் மூன்றரை மணி நேரம். ஓவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லின் மேல் பாத்திரத்தை வைத்து, சிம்மில் லேசாகக் குமிழி விடும்படி பார்த்துக்கொண்டு, நடுவில் இரண்டு முறை புரட்டிவிடலாம். கேரட், உருளைக்கிழங்கு கடைசி ஒன்றேகால் மணி நேரத்தில் போனால் போதும்.

குக்கரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி விட்டால் உள்ளே சாறு திடீரெனக் கொதித்துக் கறி வறண்டுவிடும்.

இறக்கி இருபது நிமிடம் ஆறவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே நறுக்குங்கள். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டுச் சாற்றைச் சுண்ட வைத்தால் மாவு கரைத்து ஊற்றத் தேவையிருக்காது.

எலக்ட்ரிக் ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள் காய்களை அடியிலும் கறியை மேலேயும் அடுக்க வேண்டும். அந்த மெல்லிய சூட்டில் கறியை விடக் கேரட் வேகத்தான் நேரமாகும். 'லோ'வில் எட்டு முதல் பத்து மணி நேரம். அடிக்கடி திறந்தால் போன சூடு திரும்பவே அரை மணி ஆகிவிடும். ஆனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை அப்படியே அதில் போடலாம் என்று நீங்கள் எழுதியது ருசி சம்பந்தப்பட்ட தவறு அல்ல. உறைந்த கட்டி 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடக்கும். கிருமிகள் பெருகுவது அந்தச் சூட்டில்தான். முதல் நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீக்கிய பிறகே போட வேண்டும். இதற்கு மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்