கைத்தடிக்கும் அளவு இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல அடிக்கடி ஒரு போட்டோ வரும், ஏதாச்சும் விழாவுல பெரியவங்கள வரிசையா உக்கார வச்சு ஆளுக்கொரு கைத்தடி குடுத்திருப்பாங்க, எல்லார் கையிலயும் ஒரே குச்சி ஒரே உயரம், வரிசையில அஞ்சடி கூட இல்லாத பாட்டியும் இருப்பாங்க, நெடுநெடுன்னு ஒரு தாத்தாவும் இருப்பாரு. குடுக்குறவங்க மனசு நல்ல மனசு, அத குத்தம் சொல்லல. ஆனா திண்டுக்கல்ல சர்ஜிக்கல் கடை வச்சிருக்கிறவன் நான், அந்த போட்டோவ பாத்தா அளவு யாரு பாத்தாங்கன்னுதான் கேக்க தோணுது.

கடைக்கு வர்றவங்களும் முக்காவாசி பேரு பெரியவங்கள கூட்டிட்டு வர மாட்டாங்க. "அண்ணே, அப்பாவுக்கு ஒரு குச்சி, நல்லதா குடுங்க." எந்த கால் வலி, முட்டி தேய்மானமா பக்கவாதமா, ஆள் எவ்ளோ உயரம்னு கேட்டா "அதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ல"ன்னு பதில் வரும். பண்ணலாம்தான், அலுமினிய குழாய்ல வரிசையா ஓட்டை இருக்கு, பட்டன அமுக்கி ஏத்தலாம் எறக்கலாம், ஆனா வீட்டுக்கு போயி யாரும் அத தொடுறதில்ல, கடையில மாட்டியிருந்த உயரத்துலயே ஊனிட்டு நடக்குறாங்க. குச்சி உயரமா இருந்தா தோள்பட்டை தூக்கிக்கிட்டு வலிக்கும், குட்டையா இருந்தா கூன் போட்டு முன்னாடி சாயணும், அப்படியே ஒருநாள் குப்புற விழவும் செய்யலாம்.

அளவு பாக்க பெரிய படிப்பெல்லாம் வேணாம். எப்பவும் போடுற செருப்ப போட்டு நேரா நிக்க சொல்லுங்க, கைய தொங்க விட சொல்லுங்க, மணிக்கட்டுல மடிப்பு இருக்குல்ல, குச்சியோட கைப்பிடி அந்த மடிப்புக்கு நேரா வரணும். அப்படி இருந்தா ஊனும்போது முழங்கை லேசா, ஒரு 20 இல்ல 30 டிகிரி மடங்கும், அது போதும். கடைக்கு கூட்டிட்டு வர முடியலயா, மணிக்கட்டுல இருந்து தரை வரைக்கும் ஒரு நூல புடிச்சு வெட்டி பாக்கெட்ல போட்டு எடுத்துட்டு வாங்க. வீட்டுக்குள்ள வெறுங்கால்லயே நடக்குறவங்கன்னா வெறுங்கால்ல நிக்க வச்சு அளங்க. உயரம் மாத்துன பிறகு அந்த பட்டன் ஓட்டைக்கு வெளிய முழுசா 'டிக்'னு வந்துருச்சான்னு விரல வச்சு பாருங்க, பாதி மாட்டுன பட்டன் எப்ப வேணா உள்ள போயிரும்.

அடுத்தது எந்த கைங்கறது. வலது முட்டி வலின்னா குச்சி இடது கையில புடிக்கணும்னு சொன்னா கடையிலயே சண்டைக்கு வர்றாங்க, வலிக்கிற பக்கம்தான ஊனணும்னு. சும்மா நடந்து பாருங்க, வலது கால் முன்னாடி போகும்போது இடது கைதான் கூட போகுது, குச்சியும் அதே கையில இருந்தா வலிக்கிற கால் மேல விழுற பாரத்த அது வாங்கிக்கும். படியில ஏறும்போது நல்ல கால் மொதல்ல, எறங்கும்போது குச்சியும் வலிக்கிற காலும் மொதல்ல.

எல்லாத்த விடவும் நான் சொல்ல நெனச்சது கீழ மாட்டுற ரப்பர் புஷ் பத்தி. போன மாசம் ஒருத்தர் அவங்க அம்மா குச்சிய கொண்டு வந்து "இது வழுக்குது, வேற குச்சி குடுங்க"ன்னாரு. திருப்பி பாத்தா புஷ் ஒரு பக்கமா தேஞ்சு, அடியில குழாய் விளிம்பே வெளிய எட்டிப் பாக்குது, அத ஊனிட்டுதான் அந்தம்மா மொசைக் தரையில நடந்திருக்காங்க. புஷ் 30, 40 ரூபா சமாச்சாரம், யானை வாங்குனவன் அங்குசம் வாங்க யோசிச்ச கதைதான். அடியில இருக்க வரி அழிஞ்சு வழவழன்னு ஆனாலே மாத்திருங்க, வாங்கும்போது பழைய புஷ்ஷ கையோட கொண்டு வாங்க, சைஸ் மாறுனா கழண்டு வந்துரும். தண்ணி தெளிச்ச வாசல்ல நடந்துட்டு உள்ள வந்தா புஷ்ஷையும் ஒரு துணியில தொடச்சுக்கணும். சில தாத்தாங்க குச்சி புடிச்சா வயசாயிருச்சுன்னு சொல்லுவாங்களேன்னு குடைய ஊனிட்டு வர்றாங்க, அந்த இரும்பு முனை டைல்ஸ்ல நிக்கவே நிக்காது.

வாக்கர் வாங்குறவங்க பாத்ரூம் கதவு அகலத்த அளந்துட்டு வாங்க, ஹால்ல நல்லா போகுற வாக்கர் அங்க நுழையாம, பெரியவங்க அத வெளிய விட்டுட்டு ஈரத்தரையில சுவத்த புடிச்சுட்டு போறாங்க, விழுறதும் அங்கதான். துண்டு மாட்டுற கம்பிய புடிச்சா பிச்சுட்டு வந்துரும், கைப்பிடி தனியா செவுத்துல துளை போட்டு மாட்டணும். எந்திரிக்கும்போது வாக்கர இழுத்து எந்திரிக்க கூடாது, நாற்காலி கைய அழுத்தி எந்திரிச்சுட்டு அப்புறம் வாக்கர புடிக்கணும். மஞ்சப்பைய ஒரு பக்கமா தொங்க விட்டா சாயும். நாலு கால் குச்சின்னா நாலு காலும் ஒரே நேரத்துல தரையில படணும், மேடு பள்ளமான தெருவுக்கு அது லாயக்கில்ல. பார்க்கின்சன், அதான் நடுக்குவாதம், இருக்குறவங்களுக்கு தூக்கி தூக்கி வைக்கிற வாக்கர் பல பேருக்கு ஒத்து வராது, பிசியோதெரபி பாக்குறவர்கிட்ட (பிசியோ) கேக்காம வாங்காதீங்க.

2017 ஏப்ரல்ல ஆரம்பிச்ச மத்திய அரசோட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவுல 60 வயசு தாண்டுன ஏழைப் பெரியவங்களுக்கு குச்சி, வாக்கர், முழங்கைக்கு கீழ மாட்டி ஊனுற எல்போ கிரட்சஸ் எல்லாம் இலவசமா குடுக்குறாங்க, அதுல மொதல்ல ஆள பாத்து என்ன தேவைன்னு முடிவு பண்ற முகாம் நடக்கும், அப்புறம்தான் பொருள் குடுக்குற முகாம். விழா நடத்துற நம்ம ஊர் ஆளுங்களும் அந்த முறைய எடுத்துக்கலாம், ஒரு பிசியோவ அரை நாள் உக்கார வச்சா போதும், குச்சியோட ஒரு புஷ்ஷும் சேத்து குடுக்கலாம். ஏற்கனவே குச்சி வாங்குனவங்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு பிசியோ வந்தா உயரத்த ஒரு தடவ பாத்து தர சொல்லுங்க.

மருந்துக்கடைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை, பிளாஸ்திரி தொங்குற இடத்துக்கு பக்கத்துல ரெண்டு மூணு சைஸ் புஷ் தொங்க விடுங்க, கிராமத்துல இருந்து இதுக்குன்னு டவுனுக்கு பஸ் ஏறி வர்றாங்க பாவம். எனக்கு வியாபாரம் கொறஞ்சா கொறஞ்சுட்டு போகுது.

இப்படிக்கு,
ஒரு சர்ஜிக்கல் கடைக்காரன், திண்டுக்கல்