கோயில் செயலிகள் ஏன் திரும்பி வருகின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் வட்டாரக் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் அனுப்பும் செயலிகளை ஆப் ஸ்டோரும் பிளே ஸ்டோரும் திருப்பிவிடும்போதெல்லாம், 'தமிழ் என்பதால் ஒதுக்குகிறார்கள்' என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. செயலி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: மொழி காரணமில்லை. 2024-இல் ஆப்பிள் பரிசீலித்தவை 77 லட்சத்துக்கு மேல்; அவற்றில் 19 லட்சத்துக்கும் அதிகமானவை நிராகரிக்கப்பட்டன. நம்முடையவை சிக்குவதும் எல்லாரும் சிக்கும் இடங்களில்தான்.

பெரிய சிக்கல், ஒரே செயலியைப் பல பெயரில் அனுப்புவது. பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றி சாட்ஸ்வொர்த் கோயிலுக்கு ஒன்று, ஃபீனிக்ஸ் கோயிலுக்கு ஒன்று, டோங்காட் கோயிலுக்கு ஒன்று என்று அனுப்பினால், ஆப்பிளின் 4.3 விதிப்படி அது ஸ்பேம், அதாவது வேண்டாத குப்பை. இணையதளத்தை அப்படியே உள்ளே திறந்து காட்டும் செயலியோ, செயலிக்கென்று போதிய பயன் இருக்க வேண்டும் என்கிற 4.2 விதியில் விழுந்துவிடும். இதற்கான வழியை ஆப்பிளே தன் விதிகளில் காட்டியிருக்கிறது: ஒரே செயலி, உள்ளே நுழைந்ததும் பயனர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் தைப்பூசக் காவடிப் பதிவு, விழா நாள்காட்டி, அறிவிப்புகள் எல்லாம் கோயில்வாரியாகப் பிரிந்துவிடும். கோயிலுக்கு ஒரு தனிச் செயலி இருந்தால்தான் மதிப்பு என்று குழுக்கள் பிடிவாதம் பிடிப்பது வீண் செலவு.

அடுத்தது உள்நுழைவு. உறுப்பினர் மட்டும் நுழையும் செயலி என்றால், ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோர் சார்பில் அதைச் சோதிப்பவருக்கு, வேலை செய்யும் ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தந்தாக வேண்டும். குறுஞ்செய்தியில் ஓ.டி.பி. வரும் முறையை மட்டும் வைத்தால் கலிபோர்னியாவில் இருப்பவர் எப்படி நுழைவார்? திரையெல்லாம் தமிழாக இருந்தால், எந்தப் பொத்தான் எதற்கு என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுதி இணைப்பது நல்லது. கணக்கு தொடங்க வைக்கும் செயலி, அதை அழிக்கும் வசதியையும் செயலிக்குள்ளேயே தர வேண்டும். ஆப்பிளில் 2022 ஜூன் 30 முதல் இது கட்டாயம். உண்டியல் காணிக்கைக்கும் ஆப்பிளில் தனி விதி உண்டு. உங்கள் கோயில் ஆப்பிள் அங்கீகரித்த அறநிலையமாக இல்லாவிட்டால், பணத்தைச் செயலிக்குள் வாங்காமல் பிரவுசருக்கு அனுப்பிவிடுங்கள்.

பிளே ஸ்டோரில் அதிகம் கவிழ்ப்பது தகவல் பாதுகாப்புப் படிவம். 'எந்தத் தகவலும் திரட்டவில்லை' என்று டிக் செய்துவிட்டு, உள்ளே விளம்பரத்துக்கோ பயன்பாட்டுக் கணக்கெடுப்புக்கோ வெளியார் நிரல் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அது போனின் அடையாள எண்ணை வெளியே அனுப்பும். கூகுளின் சோதனையில் அது தெரிந்துவிடும், படிவம் பொய்யாகிவிடும். சிறுவர்களுக்கான அகர வரிசைச் செயலியில் இந்தத் தவறு நேர்ந்தால் கண்டிப்பு இன்னும் கூடுதல்.

ஒன்றில் மட்டும் நம்மவர் கோபம் நியாயமானது. பிளே ஸ்டோரில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், செயலியை வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதனையில் இருக்க வேண்டும். இணைப்பைத் தட்டிச் சேர்ந்த பெரியவர்களில் சிலர் மூன்றாம் நாளே விலகிவிடுகிறார்கள். ஆள் 12-க்குக் கீழே போனால் பதினான்கு நாள் கணக்கு நிறைவேறாது. வாட்ஸ்அப் குழுவில் 20 பேரையாவது திரட்டி, முடியும்வரை விலகாதீர்கள் என்று சொல்லி வையுங்கள்.

இந்த நிபந்தனை நிறுவனக் கணக்குக்குக் கிடையாது. ஆகவே கோயில் கூட்டமைப்புகள் டன்ஸ் எண் (நிறுவனங்களை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க D-U-N-S எண்) பெற்று, அமைப்பின் பெயரிலேயே கணக்கு தொடங்கட்டும். கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். செயலி எழுதித் தந்த தம்பியின் சொந்தக் கணக்கில் கோயில் செயலி இருந்தால், அவருடைய வேறொரு செயலி செய்த தவறுக்காகக் கணக்கே முடக்கப்படும்போது கோயிலுடையதும் சேர்ந்து போய்விடும். ஏற்கெனவே அப்படி வெளியிட்டிருப்பவர்கள் இப்போதே அமைப்பின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கடைகளிலும் அதற்கு வசதி இருக்கிறது.

இப்படிக்கு,
செயலி உருவாக்குநர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்